வெப்பம் எங்கே தேங்குகிறது?

கோடை பிறந்துவிட்டால் தில்லியில் மனிதருக்கு மட்டுமன்றிக் கணிப்பொறிகளுக்கும் துன்ப காலம் பிறந்துவிடுகிறது. மே மாதத்தில் வெயில் 45 பாகை செல்சியஸைத் தொடும் நாட்கள் உண்டு. அந்நாட்களில் ஆய்வகத்து நண்பர்களும் விடுதித் தோழர்களும் கூடும் இடமெல்லாம், "கம்ப்யூட்டர் தானாக அணைந்துவிடுகிறது; பம்ப் போய்விட்டதாம்" என்ற பேச்சைக் கேட்கலாம். நீர்க்குளிர்ச்சி பூட்டிய கணிப்பொறியில் எது கெட்டாலும் பழி பம்பின் தலையில்தான் விழுகிறது. வீட்டில் எது உருண்டாலும் பூனையைச் சொல்வது போல! பம்ப் கெடுவதும் உண்டுதான். ஆயினும் கடந்த ஓராண்டில் நான் கழற்றிப் பார்த்த நான்கு கணிப்பொறிகளில் ஒன்றில்கூடப் பம்பின் மோட்டார் நின்றிருக்கவில்லை. நோய் வேறிடத்தில் இருந்தது.

அந்த நோயை எங்ஙனம் தேடுவது என்பதையே இங்கு எழுத முற்படுகிறேன். இது விஞ்ஞான மாணவர் விவகாரம் என்று இலக்கிய நண்பர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். இதற்கு வேண்டிய முதற்கருவிகள் இரண்டே: ஒரு கடிகாரம்; நம் விரல்கள்.

அமைப்பை முதலில் பார்ப்போம். காப்பியை டபராவில் ஆற்றுகிறோமே, அப்போது சூடு எங்கே போகிறது? அது அழிவதில்லை, காப்பியை விட்டு அறையின் காற்றுக்குப் போகிறது. நீர்க்குளிர்ச்சியும் இவ்வளவே. கணிப்பொறியின் செயலி ஒரு சின்னஞ்சிறு சில்லு. கடினமான கணக்குப் போடும்போது அது 200 வாட் வெப்பத்தைக்கூட வெளியிடும். அந்த வெப்பம் சில்லின் மேலுள்ள உலோக மூடிக்கு வருகிறது. மூடியிலிருந்து ஒரு மெல்லிய பசைப் படலத்தின் வழியே செப்புத் தகட்டுக்குச் செல்கிறது. தகட்டின் உட்புறம் சீப்புப் பற்களைப் போல மிக நுண்ணிய செதில்கள் உள்ளன. அவற்றினூடே ஓடும் திரவம் வெப்பத்தை வாங்கிக்கொள்கிறது. சிறு பம்ப் ஒன்று அத்திரவத்தைக் குழாய் வழியே ரேடியேட்டருக்குத் தள்ளுகிறது. அங்கே விசிறிகள் காற்றை ஊதி வெப்பத்தை வெளியேற்றுகின்றன. ஆறிய திரவம் மற்றொரு குழாய் வழியே திரும்பி வருகிறது. கடைகளில் இப்போது கிடைப்பவற்றுள் பெரும்பாலானவை, இவை யாவும் ஒன்றாக இணைத்து மூடி முத்திரையிடப்பட்டவை. உள்ளே இருக்கும் திரவம் ஏறத்தாழ ஒரு டம்ளர் அளவுதான்.

இது ஒரு சங்கிலி. சங்கிலியின் எந்தக் கண்ணி அறுந்தாலும், அதற்கு முன்னுள்ள பகுதி சுடும். பின்னுள்ள பகுதி குளிர்ந்திருக்கும். சூடும் குளிர்ச்சியும் சந்திக்கும் எல்லையைக் கண்டுபிடித்தால் நோயைக் கண்டுபிடித்தாயிற்று.

காற்றே போதாதா, தண்ணீர் எதற்கு என்று கேட்கலாம். ஒரே பருமனுள்ள காற்றையும் நீரையும் ஒரு பாகை சூடேற்றினால், நீர் வாங்கிக்கொள்ளும் வெப்பம் காற்று வாங்குவதைப்போல் சுமார் 3500 மடங்கு. எனவேதான் பெரிய கணிப்பொறிகளுக்கு இம்முறை நெடுநாளாகவே வேண்டியிருக்கிறது. 1980-இல் ஐபிஎம் நிறுவனம் வெளியிட்ட 3081 என்னும் பொறி நீரால் குளிர்விக்கப்பட்டது. 1985-இல் வந்த கிரே-2 இதற்கு ஒருபடி மேலே போயிற்று. அதன் மின்சுற்றுகள் யாவும் மின்சாரம் கடத்தாத ஒரு திரவத்திலேயே மூழ்கிக் கிடந்தன! நம் நாட்டில், பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் 2022-இல் நிறுவிய பரம் பிரவேகா என்னும் மீக்கணிப்பொறியும் திரவக் குளிர்ச்சி பெற்றதே.

இனிக் கடிகாரத்துக்கு வருவோம். கணிப்பொறிக்குள்ளேயே வெப்பமானிகள் உண்டு. லினக்ஸில் சென்சார்ஸ் என்னும் கட்டளை அவற்றைப் படித்துக் காட்டும். விண்டோஸுக்கும் இலவச நிரல்கள் உள்ளன. பொறியைச் சற்று நேரம் சும்மா விட்டுப் பிறகு ஒரு கடினமான கணக்கைக் கொடுங்கள். கொடுத்த கணத்திலிருந்து வெப்பநிலை எப்படி ஏறுகிறது என்று பாருங்கள். எவ்வளவு ஏறுகிறது என்பதைக் காட்டிலும் எவ்வளவு விரைவாக ஏறுகிறது என்பதே நமக்கு வேண்டிய செய்தி.

இரண்டு மூன்று வினாடிகளுக்குள் 95, 100 என்று தாவிவிட்டால், வெப்பம் செப்புத் தகட்டுக்கே போய்ச் சேரவில்லை என்று பொருள். சில்லு மிகச் சிறியது. தன் வெப்பத்தைத் தேக்கி வைக்க அதற்கு இடமில்லை. ஆதலால் உடனே கொதிக்கிறது. குறை பசையில் இருக்கலாம். அல்லது தகடு சரியாக அழுந்தாமல் இருக்கலாம்.

அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை எடுத்துக்கொண்டு நிற்காமல் ஏறினால், வெப்பம் தகட்டை அடைந்துவிட்டது, ஆனால் அங்கேயே தேங்குகிறது என்று அறியலாம். திரவம் ஓடவில்லை. இப்போதுதான் பம்பைச் சந்தேகிக்க வேண்டும்.

முதல் நிமிடத்தில் 60, 70 என்று ஓரளவு நின்றுவிட்டு, பிறகு பத்துப் பதினைந்து நிமிடம் மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போனால், திரவம் ஒழுங்காக ஓடுகிறது; ஆனால் மொத்தத் திரவமும் ரேடியேட்டரின் உலோகமும் சேர்ந்து சூடாகிக்கொண்டிருக்கின்றன. ரேடியேட்டரிலிருந்து வெப்பம் வெளியேறவில்லை. குறை காற்றில் உள்ளது.

மூத்த ஆராய்ச்சி மாணவர் ஒருவர், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், நாங்கள் எல்லோரும் அண்ணன் என்றே அழைப்போம். மூலக்கூறுகளின் இயக்கத்தைக் கணக்கிடுவது அவர் ஆராய்ச்சி. ஒரு கணக்கு முடியப் பதினொரு நாட்கள் ஓட வேண்டும். ஆய்வேட்டுச் சுருக்கம் கொடுக்க ஆறு வாரமே எஞ்சியிருந்தபோது, அவருடைய பொறி கால்மணிக்கு ஒருமுறை அணையத் தொடங்கியது. நேரு பிளேஸில் ஒரு கடைக்காரர், "பம்ப் முடிந்துவிட்டது, முழு அமைப்பையும் மாற்ற வேண்டும்" என்று பதினான்காயிரம் ரூபாய்க்குக் கணக்குச் சொன்னார். ஆய்வகத்தில் அதற்கு உடனே பணம் இல்லை. விண்ணப்பம் எழுதிக் கையெழுத்துகள் வாங்கிப் பொருள் வந்து சேர இரண்டு மாதமாகும். அண்ணன் தம் உதவித்தொகையிலிருந்தே வாங்கிவிடலாம் என்ற முடிவுக்கு வந்துவிட்டார். ஊருக்கு அனுப்ப வேண்டிய பணம் அது.

நான் கேட்டது ஒரே கேள்வி: "அண்ணே, அணைவதற்கு எவ்வளவு நேரம் பிடிக்கிறது?" கால்மணி நேரம் என்றார். பம்ப் நின்றுபோன பொறி கால்மணி நேரம் தாங்காது. அப்படியானால் பம்பின்மேல் குற்றமில்லை. குழாய்களைத் தொட்டுப் பார்த்தோம். இரண்டும் கை வைக்க முடியாத சூடு. ரேடியேட்டரை வெளியிலிருந்து பார்த்தால் பளிச்சென்று இருந்தது, விசிறிகளும் சுழன்றன. ஆனால் விசிறிகளைக் கழற்றியதும் உண்மை வெளிப்பட்டது. விசிறிக்கும் செதில்களுக்கும் இடையே, கம்பளித் துண்டு ஒன்றைக் கத்தரித்து ஒட்டியது போலத் தூசும் பஞ்சும் படிந்திருந்தன. நான்கு குளிர்காலத்துக் கம்பளிகளின் நூல் அத்தனையும் அங்கே சேர்ந்திருக்க வேண்டும். விசிறி சுழன்றது, காற்று போகவில்லை. பஞ்சை உரித்துத் தூரிகையால் துடைத்து மறுபடியும் பூட்ட ஒரு மணி நேரம் ஆயிற்று. அறை 33 பாகையில் இருக்கும்போது செயலி 84-இல் வந்து நின்றது. அதற்கு மேல் ஏறவில்லை. பதினொரு நாள் கணக்கு அன்றிரவே தொடங்கிவிட்டது.

தூசு நீக்கும்போது கவனிக்க வேண்டியது சில உண்டு. பொறியை அணைத்து மின்தொடர்பைப் பிடுங்கிவிடுங்கள். காற்று வழக்கமாக நுழையும் பக்கத்திலிருந்து ஊதினால் பஞ்சு இன்னும் உள்ளேதான் போகும். வெளியேறும் பக்கத்திலிருந்து ஊத வேண்டும். ஊதும்போது விசிறியின் இதழை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். இல்லையேல் அது பம்பரம்போல் சுழன்று அச்சு தேய்ந்துவிடும். ரேடியேட்டரின் செதில்கள் மிக மெல்லியவை. கூரான எதையும் செருக வேண்டாம்.

அடுத்து விரல்கள். நலமாக உள்ள அமைப்பில் போகும் குழாய்க்கும் வரும் குழாய்க்கும் எவ்வளவு வேறுபாடு இருக்கும்? நிமிடத்துக்கு ஒரு லிட்டர் திரவம் ஓடுவதாகவும் வெப்பம் 200 வாட் என்றும் வைத்துக்கொள்வோம். நீருக்குரிய கணக்குப்படி வேறுபாடு 3 பாகைகூட இல்லை. விரலுக்கு இரண்டும் ஏறத்தாழ ஒன்றாகவே தோன்றும். ஒரு குழாய் சுட்டு மற்றொன்று தெளிவாகக் குளிர்ந்திருந்தால் ஓட்டம் மிகக் குறைந்துவிட்டது என்று கொள்க. செயலி 100 காட்டும்போது இரண்டு குழாய்களுமே குளிர்ந்திருந்தால், வெப்பம் திரவத்துக்கே வரவில்லை. தொடர்பு கெட்டிருக்கும், அல்லது ஓட்டம் அறவே நின்றிருக்கும். முன்னே சொன்ன கடிகாரம் இவ்விரண்டில் எதுவென்று சொல்லிவிடும். இரண்டும் சுட்டால் ரேடியேட்டரைப் பாருங்கள்.

தொடர்பு கெட்டதற்கு ஒரு வேடிக்கையான சான்று தருகிறேன். முதலாண்டு மாணவர் ஒருவர் புத்தம் புதிய பொறி வாங்கி வந்தார். கணக்கு ஒன்றைத் தொடங்கியதுமே 100 பாகை! குழாய்கள் குளுகுளு என்றிருந்தன. கழற்றிப் பார்த்தால், செப்புத் தகட்டைக் காக்க ஒட்டி அனுப்பும் மெல்லிய பிளாஸ்டிக் தாளை யாரோ உரிக்காமலே பூட்டியிருந்தார்கள். தாள் போன பிறகு பொறிக்கு ஒரு குறையும் இல்லை. செம்பு மிக நன்றாக வெப்பம் கடத்தும்; காற்றும் பிளாஸ்டிக்கும் மிக மோசமாகக் கடத்தும். மூடிக்கும் தகட்டுக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளங்களில் தங்கும் காற்றை வெளியேற்றவே பசை தடவுகிறோம். ஆண்டுகள் செல்லச் செல்லப் பசை உலர்ந்து வெடிக்கும். அப்போது பழையதை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்துவிட்டு, பட்டாணி அளவு புதுப் பசையை நடுவில் வைத்தால் போதும். சட்னி தடவுவது போலத் தாராளம் வேண்டாம். திருகுகளை ஒரு மூலைக்கு எதிர்மூலையாக மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக இறுக்குக. ஒரே திருகை முழுவதும் முடுக்கினால் தகடு சாய்ந்துவிடும்.

பம்பைச் சந்தேகிக்க நேர்ந்தாலும் உடனே தண்டனை விதிக்க வேண்டாம். முதலில் பயாஸில் அதன் வேகத்தைப் பாருங்கள். பல பம்புகள் நிமிடத்துக்கு 2000 முதல் 3000 சுற்று வரை சுழலும். சுழியம் என்று காட்டினால் இணைப்பு கழன்றிருக்கலாம். பாதி வேகம் காட்டினால், விசிறிக்கு உரிய முனையில் பம்பைச் செருகியிருப்பார்கள். பொறி சும்மா இருக்கும்போது அம்முனை மின்னழுத்தத்தைக் குறைத்துவிடும். பம்புக்கென்று உள்ள முனையில் செருகி, எப்போதும் முழு வேகம் என்று அமைத்துவிடுங்கள்.

ஆனால் ஒன்று. பயாஸ் காட்டுவது பம்பின் சுழற்சியையே. நீரின் ஓட்டத்தை அது அறியாது. கிராமத்திலிருந்து வந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். வயற்காட்டு மோட்டார் காற்று வாங்கிவிட்டால் என்ன ஆகிறது? மோட்டார் முழு வேகத்தில் ஓடும். குழாயில் சொட்டுத் தண்ணீர் வராது. கணிப்பொறியின் பம்பிலும் அதேதான். மூடி முத்திரையிட்டதாயினும், ரப்பர்க் குழாயின் சுவர் வழியே ஆண்டுக்கணக்கில் நீர் மிக நுண்ணிய அளவில் ஆவியாகி வெளியேறுகிறது. அந்த இடத்தைக் காற்று பிடித்துக்கொள்கிறது. காற்றுக் குமிழி எப்போதும் மிக உயரமான இடத்துக்கே போகும். ஆகவே ரேடியேட்டரின் மேற்பகுதி பம்பைக் காட்டிலும் உயரத்தில் இருக்க வேண்டும். பெட்டியின் கூரையில் பூட்டுவது மிக நன்று. அடியில் பூட்டினால் குமிழி நேரே பம்புக்குள் போய் உட்காரும். சலசலவென்று தண்ணீர் கொட்டும் ஓசை கேட்கும். அவ்வோசை கேட்டால், பொறியை ஓடவிட்டபடி பெட்டியை மெல்ல இப்புறமும் அப்புறமும் சாய்த்துப் பாருங்கள். சில வேளைகளில் குமிழி ரேடியேட்டருக்கு ஏறிவிடும்.

சுழற்சியும் சரி, காற்றும் இல்லை, எனினும் ஒரு குழாய் சுட்டு மற்றொன்று குளிர்ந்திருக்கிறது என்றால், செப்புத் தகட்டின் நுண்செதில்கள் அடைத்துக்கொண்டிருக்கும். பல அமைப்புகளில் ரேடியேட்டர் அலுமினியத்தால் ஆனது, தகடு செம்பு. இரு வேறு உலோகங்கள் ஒரே திரவத்தில் நின்றால் அலுமினியம் மெல்ல அரிக்கப்படும். அதைத் தடுக்கத் திரவத்தில் மருந்து கலந்திருப்பார்கள். அதன் வீரியம் குறையக் குறையக் கசடு சேரும். நான் பார்த்த நான்காவது பொறி இப்படித்தான் முடிந்தது. ஆறு ஆண்டு உழைத்த அமைப்பு. மூடியதைத் திறந்து கழுவுவதைவிடப் புதிது வாங்குவதே நன்று என்று நானே சொன்னேன்.

சில நண்பர்கள் தாமே குழாய்களைப் பொருத்தி, வண்ணத் திரவம் ஊற்றி, அழகு பார்க்கிறார்கள். அவர்களுக்கு ஒரு சொல்: விடுதிக் குழாய் நீரை ஊற்றாதீர்கள். இங்குள்ள நிலத்தடி நீர் உப்புக் கடினமானது; வாளியில் படியும் வெள்ளைப் படிவம் செதில்களிலும் படியும். காய்ச்சி வடித்த நீரும், அதற்கெனவே விற்கும் அரிப்புத் தடுப்பும் பாசித் தடுப்பும் சேர வேண்டும். அலுமினியமும் செம்பும் கலந்த அமைப்பையே தவிர்த்துவிடுங்கள். பூட்டி முடித்ததும், மற்ற உறுப்புகளுக்கு மின்சாரம் தராமல் பம்பை மட்டும் ஒரு நாள் ஓடவிட்டு, இணைப்புகளின் கீழ் வெள்ளைக் காகிதம் விரித்துக் கசிவு உண்டா என்று பாருங்கள்.

பொறிக்கு நோயே இல்லாமல் நாம் பயப்படுவதும் உண்டு. ரேடியேட்டர் தன்னைச் சூழ்ந்த காற்றைவிடக் குளிர்ந்துவிட முடியாது. ஜனவரியில் அறை 14 பாகையாக இருந்தபோது 65 காட்டிய செயலி, மே மாதத்தில் அறை 38-ஐத் தொடும்போது 89 காட்டினால் அமைப்பில் யாதொரு மாற்றமும் இல்லை. வேறுபாடு இரண்டு வேளையிலும் 51-தான். எனவே செயலியின் வெப்பநிலையை மட்டும் எழுதி வைக்காமல், அறையின் வெப்பநிலையைக் கழித்து எழுதி வையுங்கள். அந்த எண் மாதத்துக்கு மாதம் வளர்ந்தால் நோய் வளர்கிறது. 2022-இல் வந்த ரைசன் 7000 வரிசைச் செயலிகளிற் பல, முழு வேலையில் 95 பாகை வரை செல்லும்படியே வடிவமைக்கப்பட்டவை. அவற்றில் 95-ஐப் பார்த்து அலற வேண்டியதில்லை.

பனிக்கட்டி யோசனையையும் சொல்லிவிடுகிறேன். ஏனெனில் ஒவ்வோர் ஆண்டும் யாராவது ஒருவர் அதைப் புதிதாகக் கண்டுபிடிக்கிறார். குளிர்ந்த நீரை ஓட்டினால் என்ன? ஆகஸ்டு மாதத்தில் அறை 32 பாகை, ஈரப்பதம் 75 சதவீதம் என்றால், 27 பாகைக்குக் கீழுள்ள எப்பொருளின்மேலும் பனித்துளி படியும். ஐஸ் தண்ணீர் டம்ளரின் வெளிப்புறம் வியர்ப்பதைப் பார்த்ததில்லையா? அந்த வியர்வை மின்சுற்றின்மேல் சொட்டும்.

கசிவைக் கண்டால் செய்ய வேண்டியது ஒன்றே. உடனே மின்சாரத்தைப் பிடுங்குங்கள். அணைக்கும் பொத்தானைத் தேடி, கோப்புகளைச் சேமித்துக்கொண்டிருக்க வேண்டாம். தூய நீர் மின்சாரத்தை அதிகம் கடத்தாது. ஆனால் தூசும் உலோகமும் தொட்ட நீர் தூய நீரன்று. நன்றாகத் துடைத்து, இரண்டு மூன்று நாள் முற்றிலும் உலரவிட்ட பிறகே மறுபடி மின்சாரம் கொடுக்கலாம்.

என்னைக் கேட்டால், விடுதி அறையில் சாதாரண வேலைக்கு நீர்க்குளிர்ச்சியே வேண்டாம் என்பேன். பெரிய உலோகச் செதிலும் ஒரு விசிறியும் கொண்ட காற்றுக்குளிர்ப்பி விலையும் குறைவு. அதில் ஒழுக நீருமில்லை, அடைக்கக் குழாயுமில்லை. விசிறி கெட்டால் விசிறியை மட்டும் மாற்றலாம். ஆய்வகத்தில் நாட்கணக்கில் கணக்கு ஓட்டுவோர் நிலை வேறு. அவர்கள் மார்ச்சு மாதத்தில் ஒருமுறையும் தீபாவளிப் புகை ஓய்ந்த பின் ஒருமுறையும் ரேடியேட்டரின் விசிறிகளைக் கழற்றிப் பார்த்துவிட வேண்டும்.

சங்க அறை அலமாரியின் கீழ்த்தட்டில் ஒரு தகரப் பெட்டி வைத்திருக்கிறேன். அதில் மெல்லிய தூரிகை, திருப்புளி, பாதி தீர்ந்த பசைக்குழாய், ஐசோபுரோபைல் ஆல்கஹால் சீசா, ஓர் அறை வெப்பமானி ஆகியவை உள்ளன. வேண்டுவோர் குறிப்பேட்டில் பெயரெழுதி எடுத்துச் செல்லலாம். பசை தீர்ந்தால், தீர்த்தவர் புதிது வாங்கி வைக்கவும்.